எண்ணுவது வேறு, பட்டியல் போடுவது வேறு!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜனத்தொகைக் கணக்கைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டமா என்று நம்மவர்களே சிலர் கேட்டார்கள். கூலியைப் பற்றிப் பேசுங்கள், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுங்கள், தலையை எண்ணுவது சர்க்கார் பாடு, அதில் நமக்கென்ன என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே அடுத்த மூச்சில், “செத்துப்போன பிள்ளையைப் பற்றிக்கூடக் கேட்பார்களாமே, சொல்லித்தான் ஆக வேண்டுமா? அப்பன் பிறந்த ஊரைக் கேட்டால் என்ன செய்வது?” என்றும் கேட்டார்கள். ஆகவே கூட்டம் தேவைதான்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு கொரோனா நோயால் நின்றது. பிறகு பல ஆண்டுகள் இழுத்தடித்து, 2025 ஜூன் 16ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கையில் 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக மத்திய சர்க்கார் குறித்தது. வீட்டுக்கு வருகிறவர் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது, நாம் சொன்னது எங்கே போய்ச் சேர்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ளவனுக்கு இது தெரியாவிட்டால் நஷ்டமில்லை. நமக்கு அப்படியில்லை.

முதலில் சட்டம். இதற்கென்று 1948ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம் இருக்கிறது. அதன் 8ஆவது பிரிவு சொல்வதை நன்றாகக் கேளுங்கள். கணக்கெடுப்பவர் தன் மனதுக்குத் தோன்றிய கேள்வியைக் கேட்க முடியாது. மத்திய சர்க்கார் கெஜட்டில் வெளியிட்ட கேள்விகளைத்தான் கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தாலும், வேண்டுமென்றே பொய் சொன்னாலும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் எப்படிப்பட்ட பதில்? தனக்குத் தெரிந்தவரை, தான் நம்புகிறவரை என்கிறது சட்டம். வாயால் சொன்னால் போதும். பிறந்த சான்றிதழைக் கொண்டா, பட்டாவைக் கொண்டா என்று கேட்க இந்தப் பிரிவில் இடமில்லை. “பாட்டி, உனக்கு என்ன வயசு?” என்று கேட்டால், “நாகப்பட்டினத்தில் பெரும்புயல் அடித்தபோது நான் கைக்குழந்தை” என்று பாட்டி சொல்லலாம். அந்தப் புயல் 1952இல் அடித்தது என்று கணக்குப் போட்டு எழுதிக்கொள்வது வந்தவருடைய வேலை.

அதே பிரிவில் இன்னொரு சங்கதி. புருஷன் பெயரைச் சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கம் தடுக்கிற வேறு எவர் பெயரையும் அவள் சொல்ல வேண்டியதில்லை. தன் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றால் ஆணையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நாங்கள் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. கணக்குக்கு வேண்டியது எண்ணிக்கைதானே தவிரப் பெயர் இல்லை என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

அடுத்தது 15ஆவது பிரிவு. அதுதான் பூட்டு. கணக்கெடுப்பவர் எழுதிய ஏட்டை எவரும் பார்வையிட முடியாது. சிவில் வழக்கு எதிலும் அது சாட்சியமாகாது. கிரிமினல் வழக்கிலும், இந்தச் சட்டத்தையே மீறியதற்கான வழக்கைத் தவிர, அதைக் கொண்டுவர முடியாது. குத்தகைக்கு உழுகிறவன் “இந்த நிலத்தை நான்தான் உழுகிறேன்” என்று சொன்னால், அந்தத் தாளை வைத்து நிலக்காரன் அவன்மேல் வழக்குப் போட முடியாது. அதே தாளைக் காட்டி அவனும் உரிமை கோர முடியாது. பூட்டு இரண்டு பக்கமும் பூட்டுத்தான்.

ஆகவே கணக்குத் தாளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் பேச்சு. ஏன் என்றும் சொல்கிறோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கில் தேசம் முழுவதிலும் சாகுபடியாளர்கள் 12.73 கோடிப் பேர். விவசாயக் கூலிகள் 10.68 கோடிப் பேர். 2011இல் சாகுபடியாளர்கள் 11.88 கோடியாகக் குறைந்தார்கள்; கூலிகள் 14.43 கோடியாகப் பெருகினார்கள். பத்தே வருஷத்தில் கூலி உழைப்பாளி சாகுபடியாளனை எண்ணிக்கையில் தாண்டிவிட்டான்! நிலம் கையை விட்டுப் போகிறது என்று நாம் மேடையில் சொன்னால் பிரசாரம் என்பார்கள். சர்க்காரின் சொந்தக் கணக்கு சொன்னால் என்ன சொல்வார்கள்?

பெண்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 1961 கணக்குக்கும் 1971 கணக்குக்கும் இடையில் தேசத்தில் பெண் உழைப்பாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நாற்று நடுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை. கேள்வியின் வாசகம்தான் மாறியது. “உன் முக்கியமான வேலை எது?” என்று முதலில் கேட்டார்கள், கோடிக்கணக்கான பெண்கள் வீட்டு வேலைக் கட்டத்தில் போய் விழுந்தார்கள். ஆகையால், தாய்மார்களே, உங்கள் வீட்டு ஆண்பிள்ளை “அவள் சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்” என்று சொல்லப் போனால், குறுக்கே பேசுங்கள். அது உங்கள் உரிமை.

இனி, வலிக்கிற கேள்விக்கு வருகிறோம். 2011ஆம் ஆண்டுத் தாளில் 29 கேள்விகள் இருந்தன. அவற்றில் மூன்று, மணமான பெண்களுக்கென்றே உள்ளவை: பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் இப்போது உயிரோடிருப்பவை எத்தனை, கடந்த ஒரு வருஷத்தில் பிறந்தவை எத்தனை. கேட்க எளிதாக இருக்கிறது. பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், தெருவே கூடி நிற்கும்போது, மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, புருஷன் வேலி ஓரத்தில் நிற்கும்போது, இதைக் கேட்டுப் பாருங்கள். அவள் என்ன சொல்வாள்? ஒன்றைக் குறைத்துச் சொல்வாள். அல்லது வாயே திறக்க மாட்டாள். முதல் புருஷனுக்குப் பிறந்த பிள்ளை, மணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்று வெளியே சொல்ல முடியாத சங்கதிகளும் இருக்கும்.

இந்தக் கேள்வியே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. எந்த ஜில்லாவில் எத்தனை சிசுக்கள் சாகின்றன என்று கணிக்க இந்தப் பதில்கள் உதவுகின்றன. சேரிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்கிற நமக்கு அந்தக் கணக்கு வேண்டும். கேள்வியில் குற்றமில்லை, கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. தனியாக, தாழ்ந்த குரலில், முடிந்தால் ஒரு பெண்ணே கேட்க வேண்டும். வேண்டுமென்றே மனதைப் புண்படுத்தும் கேள்வியையோ தகாத கேள்வியையோ கேட்கிற கணக்கெடுப்பாளருக்கு 11ஆவது பிரிவு தண்டனை விதிக்கிறது. நாம் சொன்னதை ஊரில் போய்ச் சொன்னாலும் அப்படியே. அவர்களுக்கு அபராதத்தோடு சிறையும் உண்டு.

சட்டத்தைப் பாராட்டிக்கொண்டே போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பூட்டில் ஓட்டைகளும் இருக்கின்றன. தகவலை வெளியிட்டால் தண்டனை என்கிற அதே பிரிவில், “சர்க்காரின் முன் அனுமதி இல்லாமல்” என்று ஒரு வாசகத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் சாவி யார் கையில்? சர்க்கார் கையில்! கணக்கெடுப்பவர் அத்துமீறினார் என்று நாமே நேரே கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. வழக்குப் போட மாநில சர்க்காரின் முன் அனுமதியோ, அது அதிகாரம் கொடுத்தவரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. திருடனைப் பிடிக்கத் திருடனின் எஜமானிடமே சீட்டு வாங்குவது போலத்தான். இன்னொன்று: பூட்டுச் செய்தது 1948இல், ஏடும் மையும் இருந்த காலத்தில். இந்தத் தடவை கைபேசியில் பதிவு செய்யப் போவதாக அறிவித்தார்கள். அலமாரிக்குப் போட்ட பூட்டு கைபேசிக்கும் அதன் பின்னால் இருக்கிற யந்திரங்களுக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தரங்கம் குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தரங்கத்தில் சர்க்கார் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கணக்குத் தாளைப் போலவே இன்னொரு தாள் வருகிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே வாத்தியார், அதே திண்ணை, அதே பேனா.

2010இலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளிலும் நம் வீடுகளுக்கு மூன்று விதத் தாள்கள் வந்தன. யாராவது பிரித்துப் பார்த்தோமா? ஒன்று, சென்சஸ் சட்டப்படி வந்த ஜனத்தொகைக் கணக்கு. அதற்குப் பூட்டு உண்டு. இரண்டாவது, 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிக் கணக்கு. அது சென்சஸ் சட்டத்தின்கீழ் வரவில்லை. யாருக்குச் சலுகை கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்ய, அதில் சொன்ன தகவல்கள் சர்க்கார் இலாகாக்களுக்குத் திறந்தே இருந்தன. மூன்றாவது, வீட்டுக் கணக்கோடு சேர்ந்தே வந்த தேசிய மக்கள்தொகைப் பதிவேடு. அது குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 2003இல் போட்ட விதிகளிலிருந்து பிறந்தது. குடிகளை எண்ணி முடித்துப் பெயரை மறந்துவிடுவதற்கான தாள் அல்ல அது. பெயரோடு வைத்துக்கொண்டு, அதிலிருந்து குடிமக்கள் பட்டியலைச் சலித்தெடுப்பதற்கான தாள். குடியுரிமை சந்தேகத்துக்குரியது என்று தோன்றுகிறவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதவும் அந்த விதிகளின் நான்காவது விதி இடம் கொடுக்கிறது.

2020இல் அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தார்கள். 2019இல் ஒத்திகை பார்த்த படிவத்தில் 2010இல் இல்லாத கேள்வி ஒன்று முளைத்தது: உன் தகப்பன் எந்தத் தேதியில், எந்த ஊரில் பிறந்தான்? உன் தாய் எங்கே பிறந்தாள்?

தோழர்களே, இந்தக் கேள்வியைத் தமிழ் உழைப்பாளி ஒரு முறை கேட்டிருக்கிறான். நம் நாட்டில் சென்சஸ் சட்டம் வந்த அதே 1948ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் இலங்கையில் ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தாய், சரி. உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் காகிதம் எங்கே இருக்கும்? கங்காணி கூட்டிப்போன பாட்டனுக்குப் பிறந்த சீட்டு யார் எழுதினார்கள்? மலையகத்தில் வியர்வை சிந்திய லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தார்கள். அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நீலகிரியில், கூடலூரில், கோத்தகிரியில் தேயிலை பறிக்கிறார்கள். “பிறந்த ஊர் எது?” என்று கணக்குத் தாள் கேட்டால் அவர்கள் தாராளமாக இலங்கை என்று சொல்லலாம், யார் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று கணக்கிடக் கேட்கிறார்கள், 15ஆவது பிரிவின் பூட்டும் இருக்கிறது. அதே கேள்வியைப் பதிவேட்டுத் தாள் கேட்டால், அவர்கள் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்ளாது?

இலங்கைதானே என்று விட்டுவிட வேண்டாம். அஸ்ஸாமைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது, வீடு வீடாக எடுத்த தகவல்களைக் கொண்டே அங்கே ஒரு குடிமக்கள் பதிவேடு எழுதி வைத்தார்கள். எண்ணுவதற்காகக் கேட்டது பெயர்ப் பட்டியலாக மாறியது. அறுபது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பழைய ஏடு வெளியே வந்தது. உன் மூதாதை இந்த ஏட்டில், அல்லது 1971 மார்ச் 24 நள்ளிரவு வரையுள்ள வேறு ஏட்டில் இருக்கிறானா, காட்டு என்றார்கள். 2019 ஆகஸ்ட் 31ஆம் தேதி வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேருக்கு இடமில்லை. எழுத்துப் பிழை, கல்யாணமாகி ஊர் மாறியவளின் பெயர் மாற்றம், வெள்ளத்தில் போன காகிதம் என்று எத்தனையோ காரணங்கள். பட்டியலுக்காக அலைந்து கூலியை இழந்தவர்கள் யார்? செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள்.

ஆவணம் எதுவும் கேட்க மாட்டோம், எவர் பெயருக்கும் சந்தேகக் குறி போட மாட்டோம் என்று 2020 மார்ச்சில் உள்துறை மந்திரி பார்லிமெண்டில் சொன்னார். மந்திரியின் வார்த்தை பேச்சில் இருக்கிறது. நான்காவது விதி எழுத்தில் இருக்கிறது. அதற்குமுன் 2019 டிசம்பரிலேயே கேரளமும் மேற்கு வங்கமும் பதிவேட்டு வேலையை நிறுத்தி வைத்தன. 2025 ஜூன் அறிவிக்கை கணக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கணக்கோடு கணக்காகப் பதிவேட்டையும் தூக்கி வந்தால் என்ன செய்வது? தனி ஆளாகக் கதவைச் சாத்திக்கொள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த விதிகளிலும் ஆயிரம் ரூபாய் அபராதம் இருக்கிறது. தனியாக நின்றவன் தனியாகக் கட்டுவான். ஊராக நின்று கேட்க வேண்டிய விஷயம் இது.

ஊராக நின்றால் நடக்குமா? நடந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1983இல் கணக்கெடுக்கப் புறப்பட்டார்கள். எடுக்கிற கணக்கை நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நாட்டுக்கு ஞாபகம் இருந்தது: 1939 மே மாதத்துக் கணக்கில் ஹிட்லர் ஆட்சி தனியாக ஓர் அட்டை கொடுத்து, உன் தாத்தா பாட்டி நால்வரில் யார் யார் யூதர் என்று கேட்டிருந்தது. கணக்கு தொடங்க இரண்டு வாரம் இருக்கையில் அரசியல் சட்ட நீதிமன்றம் தடை போட்டது. டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது. கணக்கு எடுக்கலாம், பதிவேட்டோடு கலக்கக் கூடாது; தன்னைப் பற்றிய தகவலை என்ன செய்வதென்று முடிவு செய்யும் உரிமை மனிதனுக்கு உண்டு என்றது நீதிமன்றம். சட்டத்தைத் திருத்தி, 1987இல்தான் கணக்கெடுத்தார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. 1942இல் யுத்தத்தைக் காட்டி ஒரு சட்டம் போட்டுக் கணக்கின் ரகசியக் காப்பை நிறுத்திவைத்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை ஜப்பானிய வம்சத்தவர் என்ற கணக்கு ராணுவத்துக்குப் போனது. ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள்.

சாதிக் கேள்வியைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணுவது என்று 2025 ஏப்ரல் 30இல் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. 1931க்குப் பிறகு அப்படியொரு கணக்கு முழுமையாக வெளிவந்ததில்லை. நிலம் யாரிடம், கூலி வேலை யாரிடம், மலக்குழியில் இறங்குவது யார் என்று தெரிய அது வேண்டும், சொல்லுங்கள். ஆனால் ஊர்த் தெருவில் நின்று சத்தம் போட்டுக் கேட்க வேண்டாம் என்று வருகிறவரிடம் சொல்லுங்கள். வாடகை வீட்டுக்காரன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

ஆலைத் தோழர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். சென்சஸ் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் பலர் படிப்பதில்லை. கலெக்டர் எழுத்து மூலம் கட்டளையிட்டால், ஆலை மானேஜரே தன்கீழ் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கெடுப்பாளர் ஆகலாம். இருபது பேருக்குக் குறையாமல் தங்கியிருக்கும் இடமானால், அதை வைத்திருப்பவரும் ஆகலாம். 10ஆவது பிரிவின்படி மானேஜரிடம் தாளைக் கொடுத்து, தொழிலாளரைப் பற்றி நிரப்பித் தரச் சொல்லவும் செய்யலாம். நூற்பாலை விடுதியில் இருக்கிற பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உன் வயது என்ன, மணமானதா, எந்த ஊர், ஏன் ஊரை விட்டு வந்தாய் என்று அவளைக் கேட்டு எழுதுகிறவன், அவளுக்குக் கூலி கொடுக்கிறவனின் ஆள்! பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டு என்று அவன் எழுதினால் கேட்பார் யார்? தோட்டத்து லயத்திலும் வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் கொட்டகையிலும் இதே கதிதான்.

அதனால் கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு தயாரித்திருக்கிறோம். விடுதிகளுக்கும் லயங்களுக்கும் மானேஜரோ மேஸ்திரியோ கணக்கெடுக்கக் கூடாது, வெளியாட்களே வர வேண்டும், பெண்கள் விடுதிக்குப் பெண்களே வர வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். கெஜட்டில் வந்த கேள்விகள் முழுவதையும் தமிழிலும், வடநாட்டுத் தோழர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துப் பஞ்சாயத்து ஆபீசிலும் ஆலை வாசலிலும் ஒட்ட வேண்டும், கணக்குத் தாளோடு வேறு எந்தத் தாளையும் கொண்டுவரக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். மனு மேடைக்கு இடது பக்கத்து மேஜையில் இருக்கிறது. படித்துக் காட்ட இரண்டு தோழர்கள் நிற்கிறார்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மையும் அங்கேயே இருக்கிறது.